கையொப்பமிடுமுன் யாரைக் கேட்பது?

சொந்த ஊரில் ஒருவனுக்கு வேலை போய்விட்டால், அண்ணன் தம்பி வீட்டில் ஒரு வேளைச் சோறும் தலை சாய்க்க ஒரு திண்ணையும் எப்படியும் கிடைத்துவிடும். மும்பையிலோ, சூரத்திலோ, தில்லியிலோ, கொல்கத்தாவிலோ குடியேறி வாழும் நம் போன்றோர்க்கு அந்த ஆதரவு இல்லை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணம் ஆகிய யாவும் ஒரே சம்பளத்தை நம்பி நிற்கின்றன. ஆகவே, அந்தச் சம்பளத்திற்கு முடிவு கட்டும் காகிதம் ஒன்று நம் முன் நீட்டப்படும் வேளையில், அதனை எப்படிப் படிப்பது, எவரிடம் காட்டி யோசனை கேட்பது என்பன நம் குடும்பங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய விஷயங்களாகும்.

அந்தக் காகிதத்திற்குப் பல பெயர்கள் உண்டு. சில கம்பெனிகள் அதனை விருப்ப ஓய்வுத் திட்டம் என்கின்றன. சில, ராஜிநாமாக் கடிதம் என்கின்றன. வேறு சில, முழுக் கணக்குத் தீர்வு ஒப்பந்தம் என்கின்றன. பெயர் எதுவாயினும் சாரம் ஒன்றுதான். ‘இவ்வளவு பணம் பெற்றுக்கொண்டேன், இனிக் கம்பெனியின்மீது எனக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை’ என்று தொழிலாளி எழுதிக் கொடுக்கிறான். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். சில இடங்களில் மராத்தியிலோ, குஜராத்தியிலோ, இந்தியிலோ இருக்கும். ‘இன்று மாலைக்குள் கையெழுத்துப் போட்டால் இந்தத் தொகை; நாளை வந்தால் இதுவும் இல்லை’ என்ற மிரட்டலும் உடன் வருவதுண்டு.

இங்கிலாந்து தேசத்தில் 1996-ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டம் ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. தொழிலாளி தன் சட்ட உரிமைகளைக் கைவிட்டு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டுமானால், அவன் கம்பெனியைச் சாராத ஆலோசகர் ஒருவரிடம் முன்னதாக யோசனை பெற்றிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நம் தேசத்தில் கையெழுத்திடும் தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் அத்தகைய பாதுகாப்பு இல்லை. கம்பெனி நம்மை வக்கீலிடம் அனுப்பி வைக்காது. நாமே தேடிக்கொண்டு போக வேண்டும்.

பணத்தை வாங்கிய பின் வாதம் எடுபடுமா?

‘இப்போது கிடைப்பதை வாங்கிக்கொள்வோம், பிறகு கேஸ் போட்டுக்கொள்ளலாம்’ என்று கூறுவோர் நம்மிடையே பலர். இது பெரும் ஆபத்தான எண்ணம். 2002-ஆம் ஆண்டில் பாங்க் ஆப் இந்தியா விருப்ப ஓய்வு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது யாதெனில், அத்திட்டத்தின்கீழ் விண்ணப்பித்த ஊழியர் தமது விண்ணப்பம் ஏற்கப்படுமுன் அதனைத் திரும்பப் பெறலாம். ஆனால் திட்டத்தின் பயனைப் பெற்று அனுபவித்தவர் பின்வாங்க முடியாது. 2003-இல் பிந்தால் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் திட்டவட்டமாகக் கூறிற்று. விருப்ப ஓய்வுப் பணத்தை முழுமையாகப் பெற்றுக்கொண்டு வெளியேறியவருக்கும் கம்பெனிக்கும் இடையே இருந்த உறவு அத்துடன் முடிந்துபோகிறது. பின்னர்ப் பழைய சம்பள உயர்வு முதலியவற்றைக் கேட்க இயலாது என்பது அத்தீர்ப்பின் கருத்து.

வற்புறுத்தியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது என்பது மெய்யே. ஆயினும் வற்புறுத்தலைச் சாட்சியத்துடன் நிரூபிக்க வேண்டிய சுமை நம்முடையதாகிறது. அதற்குள் ஆண்டுகள் கழியும். வாங்கிய பணமும் கரைந்திருக்கும். ஆதலால் வக்கீலுக்குச் செலவிடும் ரூபாயைக் கையெழுத்துக்கு முன்பு செலவிடுவதே லாபம்.

ஒரு சிறு கணக்கு

ஆறு லட்சம் ரூபாய் என்று காதில் விழுந்தவுடன் நமக்கு மலைப்பு ஏற்படுகிறது. ஊரில் பாதி கட்டி நிற்கும் வீடும், மகளின் கல்யாணமும் கண்முன் வருகின்றன. அந்தத் தொகை சலுகையா, அன்றி நமக்கு எப்படியும் வரவேண்டியதில் ஒரு பகுதிதானா என்பதைக் கணக்குப் பார்த்தாலன்றி அறிய முடியாது.

மாதம் 26,000 ரூபாய் சம்பளத்தில் 22 ஆண்டுகள் வேலை செய்த ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை ஆண்டு ஒன்றுக்கு 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிட வேண்டும். எனவே ஆண்டுக்கு 15,000 ரூபாய் வீதம் 22 ஆண்டுகளுக்கு 3,30,000 ரூபாய். கம்பெனி தானாக ஆட்குறைப்புச் செய்யுமானால், அதற்கு நஷ்டஈடாக ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் தனியே தர வேண்டும். அரை மாதச் சம்பளமாகக் கொண்டால் 13,000 வீதம் 2,86,000 ரூபாய். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடாவிடில் அதற்கு ஈடாக 26,000 ரூபாய். ஆக மொத்தம் 6,42,000 ரூபாய். விடுப்புச் சம்பளமும் போனஸ் பாக்கியும் இதில் சேரவில்லை. சேமநல நிதியோ ஏற்கெனவே நம் பெயரிலுள்ள சொத்து. ஆகவே, ‘அனைத்தும் உட்பட ஆறு லட்சம்’ என்ற காகிதத்தில் கையெழுத்திடுகிறவன், சலுகை பெற்றதாக எண்ணிக்கொண்டு 42,000 ரூபாயை விட்டுக்கொடுத்தே வருகிறான்.

இங்கே ஒரு சொல்லின் மதிப்பைக் கவனிக்க வேண்டும். தொழிலாளி தானே விரும்பி ஓய்வு பெற்றால், சட்டத்தின் கண்ணில் அது ஆட்குறைப்பு அன்று. ஆட்குறைப்பு நஷ்டஈடும் இல்லை. கம்பெனிக் காகிதங்களில் ‘என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்ற தொடர் தவறாமல் இடம்பெறுவதன் காரணம் இதுவே. விருப்ப ஓய்வு எல்லாம் தீது என்று நான் சொல்ல வரவில்லை. சட்டப்படி வரவேண்டியதை விட அதிகத் தொகை கொடுத்து மரியாதையாக அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. எது எவ்வகை என்று பிரித்துச் சொல்வதே நல்ல வக்கீலின் முதல் வேலை.

மாறிவிட்ட சட்டம்

நெடுங்காலம் இவ்விஷயங்களை ஆண்டுவந்தது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம். அதன் இடத்தில், 2020-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தது. ஊதியம், சமூகப் பாதுகாப்பு, வேலையிடப் பாதுகாப்பு ஆகியவை பற்றிய மற்ற மூன்று தொகுப்புச் சட்டங்களும் அன்றே அமலாயின. இதனால் நமக்கு நேரடியாகப் பாதிப்பு உண்டாக்கும் சில மாற்றங்களை மட்டும் இங்கே கூறுகிறேன்.

மேற்பார்வை வேலையில் இருப்பவர் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெற்றால் அவர் இச்சட்டப்படி தொழிலாளி ஆகார். முன்பு இவ்வரம்பு 10,000 ஆக இருந்தது. வேலைநீக்கத் தகராற்றைச் சமரச அதிகாரியிடம் கொண்டுசெல்ல இரண்டு ஆண்டுகளே அவகாசம். சமரசம் முறிந்தால், அதிகாரியின் அறிக்கை கிடைத்த 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேலையை விட்டு நீங்கியவருக்குரிய ஊதியப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று ஊதியத் தொகுப்புச் சட்டம் விதிக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு, நஷ்டஈடு நீங்கலாக, மறுபயிற்சி நிதியிலிருந்து 15 நாள் சம்பளத் தொகையும் உண்டு. குறிப்பிட்ட காலத்திற்கென்று நியமிக்கப்பட்டவருக்கு, முன்போல் ஐந்து ஆண்டுகள் காத்திராமல், ஓராண்டுச் சேவைக்கே கிராஜுவிட்டி கணக்கிடப்படுகிறது.

வக்கீலைச் சோதித்தறிய இம்மாற்றமே நமக்கு ஓர் உரைகல். ‘ஐயா, 2025 நவம்பருக்குப் பிறகு என் விஷயத்தில் என்ன மாறியிருக்கிறது?’ என்று பணிவாகக் கேளுங்கள். தொழிலாளர் சட்டத்தில் நாள்தோறும் பழகுகிறவர் உடனே விளக்குவார். ‘அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மழுப்புகிறவர் நிலம், விவாகரத்து முதலிய வழக்குகளில் சமர்த்தராக இருக்கலாம். நம் காரியத்திற்கு வேறொருவரைத் தேடுவதே உத்தமம்.

எங்கே தேடுவது?

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரர்களைச் சேர்ப்பது பார் கவுன்சில் விதிகளால் தடுக்கப்பட்டது. ஆதலின் சுவரொட்டியையும் கைபேசிக்கு வரும் செய்தியையும் நம்பிப் போக வேண்டாம். நீதிமன்ற வாசலில் நின்று, ‘நான் உங்களை வக்கீலிடம் அழைத்துப் போகிறேன்’ என்று கையைப் பிடிக்கும் தரகரைக் கண்டால் விலகிச் செல்லுங்கள்.

முதலாவது வழி தொழிற்சங்கம். நம் ஆலையில் சங்கம் இல்லாவிடினும் அதே வட்டாரத்தில் அதே தொழிலுக்குச் சங்கம் இருக்கக்கூடும். எந்த வக்கீல் தொழிலாளர் பக்கம் நின்று வாதாடுகிறார், எவர் நிர்வாகங்களுக்கே ஆஜராகிறார் என்பது சங்கத்தாருக்கு நன்கு தெரியும். இரண்டாவது, நம்மைப் போலவே கணக்குத் தீர்த்து வெளியேறியவர்கள். ‘வக்கீல் ஜெயித்தாரா?’ என்று மட்டும் அவர்களைக் கேட்பது போதாது; ‘தவணை தவறாமல் வந்தாரா, காகிதங்களின் நகலைக் கொடுத்தாரா, சொன்ன பீஸுக்கு மேல் கேட்டாரா?’ என்று விசாரிக்க வேண்டும். மூன்றாவது, தொழிலாளர் நீதிமன்றத்திற்கே ஒரு நாள் சென்று பின்வரிசையில் அமர்ந்து பார்ப்பது. நீதிமன்ற விசாரணை பொதுவாக எவரும் காணத் திறந்ததே. ஒரு நாள் சம்பளம் போனாலும், எவர் வழக்கைப் படித்து வந்து பேசுகிறார், எவர் வாய்தாவையே வாங்குகிறார் என்பது கண்கூடாகத் தெரிந்துவிடும்.

நான்காவது வழியை நம்மவர் அநேகர் அறியார். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, ஆலைத் தொழிலாளர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கு, அவர்களது வருமானம் எவ்வளவு என்று பாராமலே, இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதற்கான அலுவலகம் இருக்கும். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் விசாரிக்கலாம். இது தருமமன்று, சட்டம் தந்த உரிமை. கூச்சப்பட வேண்டுவதில்லை.

‘தமிழ் வக்கீல் யாராவது உண்டா?’ என்பதே நம்மவர் முதலில் கேட்கும் கேள்வி. தாய்மொழியில் குறையைச் சொல்வதில் உள்ள ஆறுதலை நான் மறுக்கவில்லை. எனினும் இந்நகரத்தின் தொழிலாளர் அலுவலகமும் நீதிமன்றமும் நம் மொழியில் நடப்பதில்லை. விஷயம் தெரிந்த மராத்தியரோ, வங்காளியரோ, குஜராத்தியரோ கிடைத்தால் அவரையே அமர்த்திக்கொண்டு, மொழி அறிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது மேல். கையெழுத்தின்மேல் ‘படித்துக் காட்டி விளக்கப் பெற்றேன்’ என்ற வரி இருக்குமானால், உண்மையிலேயே எவரும் விளக்காதவரை அதன்கீழ்க் கையெழுத்திடலாகாது.

முதற் சந்திப்பில் கேட்க வேண்டியவை

‘நான் சட்டப்படி தொழிலாளியா?’ என்பதே முதற் கேள்வி. விடையைப் பொறுத்து வழியே மாறும். தொழிலாளி ஆகாத மானேஜர் முதலியோர் சிவில் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கலாம். நான் பணிபுரியும் இரயில்வே போன்ற மத்திய சர்க்கார் சேவையில் இருப்போரின் பணி விவகாரங்கள் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்திற்குச் செல்கின்றன. ஆகவே ஒருவருக்கு ஏற்ற வக்கீல் மற்றொருவருக்கு ஏற்றவராக இருப்பதில்லை.

‘இந்தக் கம்பெனிக்காக நீங்கள் எப்போதேனும் ஆஜரானதுண்டா?’ என்பது இரண்டாவது. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

‘என்னுடன் நீங்கள் எதுவரை வர முடியும்?’ என்பது மூன்றாவது. சமரச அதிகாரியின் முன் வக்கீல் ஒரு கட்சியின் சார்பில் ஆஜராகச் சட்டம் இடந்தருவதில்லை. தீர்ப்பாயத்திலோ, எதிர்க்கட்சியின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டும். வழக்கறிஞரே தொழிற்சங்கத்தின் நிர்வாகியாக இருந்தால் அந்தப் பதவியின் பேரில் ஆஜராகலாம் என்று 1976-இல் பாரதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனை முதற் சந்திப்பிலேயே எடுத்துரைத்து, சமரச மேசையில் நம்மோடு அமரச் சங்கத்தார் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் வக்கீல் நேர்மையானவர்.

‘பீஸ் எவ்வளவு?’ என்பது நான்காவது. காகிதத்தைப் படித்து யோசனை சொல்ல எவ்வளவு, கம்பெனியுடன் பேச எவ்வளவு, வழக்கு நடத்த எவ்வளவு என்று தனித்தனியே கேட்டு எழுதி வாங்குங்கள். ‘வருகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு’ என்று பேரம் பேசுவது பார் கவுன்சில் விதிக்கு விரோதமானது. அப்படிப் பேசுகிறவர் விதியை மதியாதவர் என்பது அப்போதே விளங்கிவிடுகிறது. கொடுத்த பணத்திற்கு ரசீது கேளுங்கள். வெற்றுக் காகிதத்திலோ நிரப்பாத வக்காலத்திலோ கையெழுத்திட வேண்டாம். அசல் பத்திரங்களைக் கொடுக்காமல் நகல்களைக் கொடுங்கள். பீஸ் பாக்கிக்காக வக்கீல் நம் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமையில்லை என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வக்கீலின் சேவைக் குறைவுக்கு நுகர்வோர் நீதிமன்றம் செல்ல முடியாது என்று 2024-இல் தீர்ப்பாகிவிட்டது. நடத்தைத் தவறுக்கு மாநில பார் கவுன்சிலில் முறையிடலாம். எனவே தேர்ந்தெடுக்கும்போதே எச்சரிக்கை வேண்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

கிராஜுவிட்டி, நஷ்டஈடு, விடுப்புச் சம்பளம், போனஸ், முன்னறிவிப்புச் சம்பளம் ஒவ்வொன்றும் தனி வரியில் தொகையுடன் எழுதப்பட வேண்டும். ஒரே மொத்தத் தொகையாக இருந்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள். வருமான வரிக் கணக்கிற்கும் இப்பிரிவினை உதவும். பணம் காசோலையாகப் பின்தேதியிட்டு வருவதைக் காட்டிலும், வங்கிக் கணக்கில் சேர்ந்த பின்னரே விலகல் நடைமுறைக்கு வரும் என்று எழுதுவது நல்லது. சேமநல நிதிக் கணக்கில் வேலை நீங்கிய தேதியைக் கம்பெனி பதிவு செய்ய வேண்டும். அனுபவச் சான்றிதழையும் அன்றே தர வேண்டும். கம்பெனி வீட்டில் குடியிருப்போர், காலி செய்யும் தேதியைப் பிள்ளைகளின் பரீட்சை முடியும் வரை நீட்டிக் கேட்க மறக்கலாகாது. பணத்தில் அசையாத நிர்வாகம் இதில் பல சமயம் இணங்கிவிடும்.

‘இனி இதே தொழிலில் வேறெங்கும் சேரமாட்டேன்’ என்ற நிபந்தனை சில ஒப்பந்தங்களில் ஒளிந்திருக்கும். வேலை முடிந்த பின்னும் ஒருவனது பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆயினும் அதனைக் காட்டிப் பயமுறுத்துவர். ஆகையால் வக்கீலைக் கொண்டு முன்னமே அடித்துவிடச் சொல்லுங்கள். சமரச அதிகாரியின் முன்னிலையில் ஏற்படும் ஒப்பந்தம் அந்நிறுவனத்தின் தொழிலாளர் அனைவரையும் கட்டுப்படுத்தும். தனியே செய்துகொள்வது கையெழுத்திட்டவரை மட்டும் கட்டுப்படுத்தும். எது நமக்கு நன்று என்பதையும் வக்கீலிடம் கேட்டறிக.

இன்றே செய்யத் தக்கது

வேலை உறுதியாக இருக்கும் காலத்திலேயே ஒரு தகரப் பெட்டியில் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை, ஈ.எஸ்.ஐ. அட்டை, சேமநல நிதிக் கணக்கு எண் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். காண்டிராக்டர் மூலம் வேலை செய்வோருக்கு இது இரட்டிப்பு அவசியம். எவரிடம் எத்தனை ஆண்டு உழைத்தோம் என்பதற்கு அக்காகிதங்களே சாட்சி. அந்தப் பெட்டி எங்கிருக்கிறது என்பதை மனைவியும் வயதுவந்த பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். வக்கீலைக் காணப் போகையில் மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மாதச் செலவை அறிந்தவள் அவளே. எவ்வளவுக்குக் குறைந்தால் குடும்பம் தாங்காது என்பதை அவளால்தான் சொல்ல முடியும்.

நம் சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம். ஆங்கிலமும் இந்நகரத்தின் மொழியும் அறிந்த அன்பர்கள் நால்வரேனும் முன்வந்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் அமர்ந்து, இத்தகைய காகிதங்களை அங்கத்தினர்களுக்குப் படித்துத் தமிழில் விளக்கிச் சொன்னால் பேருபகாரமாக இருக்கும். சட்ட யோசனை சொல்வது வக்கீலின் வேலை. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உள்ளபடி சொல்ல எழுத்தறிவும் நல்ல மனமும் போதும். மாலைக்குள் கையெழுத்து வேண்டும் என்று நிர்ப்பந்திக்கப்படும் தொழிலாளி, ‘எங்கள் சங்கத்தில் காட்டிவிட்டு வருகிறேன்’ என்று சொல்லி எழுந்துவர அது ஓர் ஊன்றுகோலாகும்.